ஊசி தங்கச்சிக்கா?

ஆதம்பாக்கத்தில், கக்கன் பாலம் நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடையில், ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு 33 வயது, முனைவர் பட்ட ஆய்வாளன். மற்ற இருவரும் தம்பிகள். மூத்தவனுக்கு 22. பகலில் கல்லூரி, மாலையில் பைக்கில் சாப்பாடு டெலிவரி. சென்ற மாதம் அவன் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய் எச்.பி.வி. தடுப்பூசி போட வேண்டும் என்று கேட்டிருக்கிறான். ரிசப்ஷனில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலேயே, "யாருக்கு, தங்கச்சிக்கா?" என்றிருக்கிறார். "எனக்குத்தான்" என்றதும் பக்கத்தில் இருந்தவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். உள்ளே போனால் டாக்டர், "கல்யாணம் ஆகாத பையன், உனக்கு எதுக்குப்பா இது? ஏதாவது தப்பு பண்ணிட்டியா?" என்று கேட்டாராம். திரும்பி வந்தவன் எதுவும் பேசாமல் டெலிவரிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இரவு பதினொரு மணிக்கு வந்துதான் நடந்ததைச் சொன்னான்.

அந்த டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வைரஸைப் பற்றி நம் சமூகம் மொத்தமும் பேசும் மொழி அதுதான். அந்த மொழியில் எச்.பி.வி. பெண்களின் நோய். தடுப்பது பெண்ணின் கடமை, வந்தால் பெண்ணின் குற்றம்.

வைரஸுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது. எச்.பி.வி. என்கிற மனிதப் பாப்பிலோமா வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பாலுறவின்போது தோலோடு தோல் உரசினாலே பரவும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுமையாகத் தடுக்காது. பாலுறவில் ஈடுபடும் ஆண், பெண் யாராக இருந்தாலும் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்து போக வாய்ப்பு மிக அதிகம். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். சிலருக்கு அது தங்கிவிடுகிறது. 16, 18 போன்ற ஆபத்தான வகைகள் தங்கினால் 15, 20 ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறலாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் இந்த வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்ததற்காக ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வைரஸ் ஆண்குறியிலும், ஆசனவாயிலும், தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்குகிறது. 2023இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, உலகில் 15 வயதைத் தாண்டிய ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த வைரஸின் ஏதாவது ஒரு வகை இருக்கிறது. ஐந்தில் ஒருவருக்கு ஆபத்தான வகை. ஆனால் ஆண்களிடம் இதைக் கண்டறிய வழக்கமான பரிசோதனை எதுவும் இல்லை. ஆகவே நம்மில் யாரிடம் இருக்கிறது என்று நமக்கே தெரியாது. தெரியாமலே வாங்குகிறோம், தெரியாமலே கொடுக்கிறோம்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1.27 லட்சம் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்தது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு தரும் மதிப்பீடு. இறந்தவர்கள் சுமார் 80 ஆயிரம்.

என் பெரியம்மா 2011இல் அப்படித்தான் செத்துப்போனார். செய்யாறு பக்கம் எங்கள் ஊர். மாதவிடாய் நின்று மூன்று வருடம் கழித்து மறுபடி உதிரப்போக்கு வந்திருக்கிறது. நாற்று நடவுக்குப் போகும்போது கூடுதலாக ஒரு பழைய புடவைத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு போனதாக என் அம்மா பிறகு சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது கால் வீங்கியிருந்தது, சிறுநீர் போகவில்லை. நோயின் பெயர் ஊருக்குத் தெரிந்ததும் பேச்சு கிளம்பியது. 'எங்க போய் வாங்கினாளோ' என்றார்கள். 'சுத்தபத்தமா இல்லாதவளுக்குத்தான் இது வரும்' என்று மெத்தை வீட்டு அம்மா ஒருவர் சொன்னதும் சேரி வரைக்கும் வந்து சேர்ந்தது. சேரிப் பெண், ஆகவே அழுக்கு. அழுக்கு, ஆகவே நோய். இந்தக் கணக்கைப் போட அந்த அம்மாவுக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, சாதி தெரிந்தால் போதும். பெரியப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் மாதக்கணக்கில் தங்கி வருபவர். அவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நானும் இதை எழுதவில்லை. இவ்வளவு பரவலான ஒரு வைரஸில் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தேடுவதே வீண் வேலை. சளி யாரிடமிருந்து பிடித்தது என்று நாம் ஊரைக் கூட்டுவதில்லை. ஆனால் ஊர் தேடியது, ஒரே ஒரு உடலில் மட்டும் தேடியது. கற்பு என்பதை ஒரு பாலுக்கு மட்டும் விதித்த சமூகத்தைப் பெரியார் ஏன் அவ்வளவு கோபமாகத் தாக்கினார் என்பதை நான் படித்துப் புரிந்துகொண்டது பிறகுதான். சாதி நிற்பதே அகமணத்தில்தான், அகமணம் நிற்பது பெண்ணுடலின் மீதான காவலில்தான் என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் காட்டிவிட்டார். அந்தக் காவலுக்குப் பழகிய சமூகம், பாலுறவு வழியே ஒரு நோய் வந்தால் முதலில் பெண்ணைத்தான் சோதனை போடும்.

என் ஆய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையின் சுகாதார ஆவணங்கள் பற்றியது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருந்தபோது பரங்கிமலையின் பெயர் 'லாக் ஆஸ்பத்திரி' என்ற தலைப்பின்கீழ் வந்தது. எங்கள் அறையிலிருந்து நடந்து போகிற தூரம். தினமும் நான் ரயில் ஏறுகிற இடம். பரங்கிமலை அன்று ராணுவக் குடியிருப்பு. வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் வராமல் காக்க அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. 1864இன் கண்டோன்மென்ட் சட்டத்தின்கீழும் பிறகு 1868இன் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழும், பாலியல் தொழில் செய்பவர்கள் என்று கருதப்பட்ட பெண்களைப் பதிவு செய்து, குறித்த இடைவெளியில் கட்டாயமாகப் பரிசோதித்து, நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். சந்தேகத்தின் பேரில் எந்த ஏழைப் பெண்ணையும் இந்த வலைக்குள் இழுக்க முடிந்தது. சிப்பாய்களுக்கு இப்படி ஒரு பதிவேடு இல்லை. 1868 சட்டம் இருபது ஆண்டுகள் கழித்து 1888இல்தான் நீக்கப்பட்டது.

நூறு ஆண்டுகள் தள்ளி 1986க்கு வாருங்கள். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை இதே சென்னையில் கண்டறிந்தார். அது பெரிய சாதனை. இந்த நாடு கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு பெண்கள் அதைச் செய்தார்கள். ஆனால் அந்த ரத்த மாதிரிகள் எங்கிருந்து கிடைத்தன? காவல்துறை பிடித்துக் காப்பகத்தில் அடைத்து வைத்திருந்த பெண்களிடமிருந்து. அவர்களிடம் வந்து போன ஆண்கள் எந்தக் காப்பகத்திலும் இல்லை, ஆகவே எந்தப் பட்டியலிலும் இல்லை.

இப்போது கம்மம். 2009இல் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பாத் என்ற அமெரிக்க நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து ஒரு செயல்விளக்கத் திட்டம் நடத்தியது. பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. கம்மத்தில் சுமார் 14 ஆயிரம், வதோதராவில் சுமார் 10 ஆயிரம் சிறுமிகள். வயது 10 முதல் 14. கம்மத்தில் போடப்பட்டது கார்டசில், வதோதராவில் செர்வாரிக்ஸ். சிறுமிகளில் பலர் பழங்குடி, தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்து, பெண்கள் அமைப்புகளும் மக்கள் சுகாதார இயக்கத்தினரும் போராடிய பிறகு 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமல்ல என்றுதான் அரசு விசாரணைகள் கூறின. பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து என்று காரணங்கள் இருந்தன. ஆனால் 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கொடுத்த 72ஆவது அறிக்கை வேறொன்றைக் காட்டியது. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948இல் கைநாட்டு. 2,763இல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். பெற்றோருக்குத் தெரியாமலே பிள்ளைக்கு ஊசி. பக்கவிளைவு வந்தால் பதிவு செய்ய முறையான ஏற்பாடும் இல்லை. நகரத்து ஆங்கிலப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியர் ஐந்நூறு பிள்ளைகளுக்கு இப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தால் மறுநாள் பள்ளி திறந்திருக்குமா?

லாக் ஆஸ்பத்திரி, காப்பகம், விடுதி. மூன்றின் நோக்கமும் வேறு வேறு, நான் ஒன்றாகக் குழப்பவில்லை. மூன்றிலும் பெண்கள் வேறொருவரின் பொறுப்பில் இருந்தார்கள், அவர்கள் சார்பில் வேறொருவர் முடிவெடுத்தார். அதைத்தான் சொல்கிறேன்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலரோடு எனக்குச் சண்டை. கம்மத்தைச் சொல்லி, 'இது கார்ப்பரேட் ஊசி, நம் பிள்ளைகள் சோதனை எலிகளா' என்று முடித்துவிடுகிறார்கள். 2018 ஜனவரியில் இந்தத் தடுப்பூசியை நாட்டின் திட்டத்தில் சேர்க்கக் கூடாது என்று பிரதமருக்குக் கடிதம் எழுதியது சுதேசி ஜாக்ரண் மஞ்ச், ஆர்.எஸ்.எஸ்.ஸின் கிளை அமைப்பு. நாமும் அவர்களும் ஒரே மேடையில் நிற்கும்படி ஆகும்போது நம் வாதத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது. தடுப்பூசியின் பாதுகாப்பு பற்றிக் கேள்வி கேட்பது உரிமை. பதிலும் இருக்கிறது. 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு, அதுவரை உலகில் வழங்கப்பட்ட 27 கோடி தவணைகளின் அனுபவத்தைப் பார்த்து இது மிகவும் பாதுகாப்பானது என்றது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்கள் யாருக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் ஆய்வு வெளிவந்தது. 'நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்' என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த இந்த 15 ஆண்டுகளில் வசதியுள்ளவர்கள் தம் மகள்களுக்குத் தனியாரில் பணம் கட்டிப் போட்டுக்கொண்டார்கள். கம்மத்தில் களவாடப்பட்டது ஒப்புதல். அதற்காக ஊசியையே மறுத்தால் அந்தச் சிறுமிகளின் சாதிக்காரர்கள்தான் இரண்டாவது முறையும் நட்டப்படுவார்கள்.

நம்மிடம் கடன் வாங்கித்தான் உலகம் இதைக் கற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கம்மம் திட்டத்தோடு சேர்த்து, அதே 2010இல் இன்னொரு ஆய்வும் பாதியில் நிறுத்தப்பட்டது. மூன்று தவணை வேண்டுமா, இரண்டு போதுமா என்று பார்ப்பதற்காக இந்தியாவில் ஒன்பது இடங்களில் நடந்த ஆய்வு அது. அதில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தின் அம்பிளிக்கை. ஊசி நின்றுபோனதால் ஏறத்தாழ ஐந்தாயிரம் சிறுமிகள் ஒரே தவணையோடு நின்றார்கள். அவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், 16, 18 வகைகள் உடலில் தங்குவதை அந்த ஒற்றைத் தவணையே 95 விழுக்காடு தடுத்தது தெரிந்தது. 2021இல் முடிவு வெளிவந்தது. 2022 டிசம்பரில், 20 வயது வரையான பெண்களுக்கு ஒரு தவணையே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு அந்த முடிவும் ஓர் ஆதாரம். ஊசியின் செலவு உலகமெங்கும் குறைந்ததில் நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பங்குண்டு.

அதே திண்டுக்கல்லில் 2000இல் தொடங்கிய வேறொரு ஆய்வும் உண்டு. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் போன்ற ஒன்றைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனை. நர்ஸே செய்யலாம். 49,311 பெண்கள் இருந்த ஊர்களில் இந்தச் சோதனை வழங்கப்பட்டது. 30,958 பெண்கள் இருந்த ஊர்களில் வழங்கப்படவில்லை, ஒப்பிடுவதற்காக. சோதனை வழங்கிய பக்கத்தில் இந்தப் புற்றுநோயால் வரும் மரணம் 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் லான்செட் வெளியிட்டது. வழங்காத பக்கத்தில் செத்தவர்களைப் பற்றிய அறக்கேள்வி பிறகு எழுந்தது, இன்னும் முடியவில்லை. நான் இதைப் படித்தபோது என் பெரியம்மாவைத்தான் நினைத்தேன். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு ஸ்பூன் வினிகரும் ஒரு நர்ஸும். இப்போது 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதை இலவசமாகச் செய்கிறார்கள். ஆனாலும் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு-5இன்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது சோதித்துக்கொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்திய அளவில் இரண்டு பேர்கூட இல்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கும் ஆண்களிடம் கேட்கிறேன்: உங்கள் அம்மா சோதித்துக்கொண்டாரா? கேட்டிருக்கிறீர்களா?

2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தன் பட்ஜெட்டில், 14 வயதுப் பெண் பிள்ளைகள் அனைவருக்கும் படிப்படியாக இந்தத் தடுப்பூசி போடப்படும் என்று அறிவித்து 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. மனதார வரவேற்கிறேன். சமூகநீதி என்பது இதுவும்தான். ஆண் பிள்ளைகள் அறிவிப்பில் இல்லை. அதற்கான வாதமும் எனக்குத் தெரியும். பெண் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் போட்டுவிட்டால் வைரஸின் சுற்றோட்டமே குறைந்து ஆண்களுக்கும் பாதுகாப்புக் கிடைக்கும். கையில் இருக்கும் பணத்தைச் சாவு அதிகமுள்ள பக்கம் முதலில் செலவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளையே முதல் இலக்காக வைக்கிறது. நியாயம்தான்.

ஆனால் முதலில் என்பது வேறு, மட்டும் என்பது வேறு. ஆஸ்திரேலியா 2007இல் பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கி 2013இல் ஆண் பிள்ளைகளைச் சேர்த்தது. பிரிட்டன் 2019இல் சேர்த்தது. நமக்கு அந்த அடுத்த படி எப்போது என்று யாரும் கேட்கக்கூட இல்லை. பெண்களுக்குப் போட்டால் ஆண்களுக்கும் காப்பு என்ற கணக்கில் ஆணை நேசிக்கும் ஆண்கள் எங்கே வருகிறார்கள்? அவர்களைச் சுற்றி ஊசி போட்ட பெண்கள் எத்தனை பேர் இருந்தாலும் பயனில்லை. திருநங்கைகளுக்கும் அப்படியே. ஆசனவாய்ப் புற்றுநோயில் பெரும்பகுதி இந்த வைரஸால் வருவது, எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் ஆபத்து பல மடங்கு. 377 விழுந்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் நம் தடுப்பூசித் திட்டத்துக்கு அவர்கள் பிறக்கவில்லை. இன்னொன்று, 14 வயதில் பள்ளியில் இல்லாத பெண் பிள்ளைகள் யார்? செங்கல் சூளையிலும், நூற்பாலையிலும், திருட்டுக் கல்யாணத்திலும் இருப்பவர்கள். ஊசி எட்டாத அந்தப் பெண்களைக் காப்பதற்காகவும் ஆண்களிடம் வைரஸ் குறைய வேண்டியிருக்கிறது.

பணம் இல்லை என்றால் சரி, பேசுவதற்குப் பணம் வேண்டாமே. நான் படித்த பள்ளியில் நர்ஸம்மா வந்தாலே பையன்களை மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுவோம். உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றாது. அந்த மைதானத்திலிருந்து நம்மில் பலர் இன்னும் திரும்பி வரவில்லை. இந்த ஊசி போடும் நாளில் பையன்களையும் அதே வகுப்பறையில் உட்கார வைத்து, இது உன் உடம்பிலும் இருக்கலாம், நீயும் கொடுக்கலாம், உனக்கும் வரலாம் என்று பத்து நிமிடம் சொன்னால் போதும்.

எங்கள் அறைத் தம்பி பிறகு வேறொரு இடத்தில் போட்டுக்கொண்டான். சீரம் நிறுவனத்தின் செர்வாவாக், 2022இல் அனுமதி பெற்றது, 9 முதல் 26 வயது வரை ஆண்களுக்கும் போடலாம். 15 வயதைத் தாண்டியதால் அவனுக்கு மூன்று தவணை, ஒன்று 2,000 ரூபாய். முதல் தவணைக்கு நானும் கொஞ்சம் போட்டேன். எனக்கு வயது கடந்துவிட்டது.

போன வாரம் ஊரிலிருந்து பெரியம்மாவின் மகள் போன் செய்தார். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பெண் ஒன்பதாம் வகுப்பு, பையன் ஏழாம் வகுப்பு.

"ஸ்கூல்ல பொண்ணுங்களுக்கு ஏதோ ஊசி போடுவாங்கன்னு பேசிக்கிறாங்கடா. புள்ள பொறக்காதுன்னு சொல்றாளுங்க. போடலாமா?"

"பொய்க்கா அது. தைரியமா போடு. ஆனா பேப்பர் குடுத்தா படிக்காம கையெழுத்துப் போடாத. புரியலன்னா நர்ஸக் கேளு. ஊசி போட்டதும் உடனே கூட்டிட்டு வராத, அரை மணி நேரம் உக்கார வை."

"பையனுக்கு?"

"அவனுக்குக் கவர்மெண்ட்ல போடறதில்லக்கா. வெளிய போட்டா அவன் வயசுக்கு ரெண்டு தவணை. நாலாயிரம் ஆகும்."

அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 2025-26க்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். பன்னிரண்டு நாள் கூலி என்று நான் மனதுக்குள் கணக்குப் போடுவதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"பன்னண்டு நாளு. சீட்டு எடுத்தா பாக்கலாம்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எதுக்குன்னு கேப்பானே. நான் எப்பிடிடா சொல்றது? நீயே சொல்லு."

பையனைக் கூப்பிட்டு போனைக் கொடுத்துவிட்டார். "சொல்லுங்க மாமா" என்றான். பாட்டி எப்படிச் செத்தாங்க தெரியுமா என்று ஆரம்பித்தேன்.